கடைசிப் பட்டறையின் பூட்டு



ஒரு போர் விமானம் ஒரே தொழிற்சாலையில் பிறப்பதில்லை. எஃப்-35 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்து தரும்படி அமெரிக்க அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது லாக்ஹீட் மார்ட்டின் என்னும் தனியார் நிறுவனத்துடன். ஆனால் விமானத்தின் நடு உடற்பகுதியைச் செய்வது நார்த்ராப் கிரம்மன் என்னும் வேறொரு நிறுவனம். பின் உடற்பகுதியைச் செய்வது பிரிட்டனைச் சேர்ந்த பி.ஏ.இ. சிஸ்டம்ஸ். இவற்றுக்குக் கீழே குழாய், கம்பி, திருகாணி, மின்சுற்று என்று ஆளுக்கொன்றாகச் செய்து தரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றுள் சில, ஐம்பது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள்.

ஒரு பட்டறை ஓர் உறுப்பைச் செய்ய வேண்டுமானால் அதன் வரைபடம் வேண்டும். எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு வெப்பம் தாங்க வேண்டும் என்ற விவரங்களும் வேண்டும். ஆகவே அரசின் தகவல் அரசின் கட்டடத்தைவிட்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அப்படி வெளியே போகும் தகவலை யார் காப்பது? காக்கிறார்கள் என்று எப்படி உறுதி செய்துகொள்வது? இன்று நாம் காணப்போவது இதைத்தான்.

வினாத்தாளும் வரைபடமும்

உங்கள் பொதுத்தேர்வு வினாத்தாளை எண்ணிப் பாருங்கள். அதை எழுதுபவர் ஒருவர், அச்சிடுபவர் வேறொருவர், கட்டிச் சுமந்து செல்பவர் மற்றொருவர். முத்திரையிட்ட கட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போதெல்லாம் கையொப்பம் வாங்குகிறார்கள். இத்தனை கைகளில் ஒன்றே ஒன்று கவனக்குறைவாக இருந்தாலும் போதும். மற்றவர்கள் காட்டிய கவனமெல்லாம் வீண்.

வரைபடமும் அப்படியே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வினாத்தாள் கட்டைத் திருடினால் கட்டு குறையும், முத்திரை உடையும். கணிப்பொறியில் உள்ள வரைபடத்தைத் திருடுபவன் அதை எடுத்துச் செல்வதில்லை. நகல் எடுத்துச் செல்கிறான். மூலம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே திருட்டுப்போனது மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

அரசின் தகவல்களில் ‘இரகசியம்’ என்று முத்திரை குத்தியவை உண்டு. அவற்றுக்குத் தனிச் சட்டங்களும் தனி அறைகளும் காவலும் உள்ளன. நாம் பேசுவது அவற்றைப் பற்றி அன்று. இரகசிய முத்திரை இல்லாதவை, ஆயினும் எல்லோர் கையிலும் போய்ச் சேரக் கூடாதவை என்று ஒரு பெரிய வகை உண்டு. இதை அமெரிக்க அரசு ‘கட்டுப்படுத்தப்பட்ட தகவல்’ என்கிறது. ஓர் உறுப்பின் வரைபடத்தை மட்டும் பார்த்தால் அதில் பெரிய இரகசியம் எதுவும் இராது. ஆனால் ஆயிரம் வரைபடங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பவனுக்கு முழு விமானமும் புலப்பட்டுவிடும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

2017 அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசின் மின்னணுப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஓர் அதிகாரி சிட்னியில் நடந்த கூட்டத்தில் ஒரு நிகழ்ச்சியை விவரித்தார். அந்நாட்டில் விமானப் பொறியியல் வேலை செய்யும் சிறு நிறுவனம் ஒன்று இருந்தது. வேலை செய்தவர்கள் சுமார் 50 பேர். கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ள இருந்தவர் ஒருவரே. அந்த நிறுவனம் பெரிய பாதுகாப்பு ஒப்பந்தங்களில் துணை ஒப்பந்ததாரராக இருந்தது.

2016 ஜூலையில் யாரோ ஒருவன் அதன் கணிப்பொறிகளுக்குள் புகுந்தான். அரசுக்கு இது தெரிய வந்தது அவ்வாண்டு நவம்பரில். அதற்குள் சுமார் 30 கிகாபைட் அளவுள்ள தகவல் வெளியே போய்விட்டது. எஃப்-35 விமானம், பி-8 கடற்கண்காணிப்பு விமானம், சி-130 சரக்கு விமானம், ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல்கள் ஆகியவை பற்றிய செய்திகள் அதில் இருந்தன. அவற்றுள் எதுவும் ‘இரகசிய’ முத்திரை பெற்றதன்று. எல்லாம் நாம் மேலே கண்ட இரண்டாம் வகை.

திருடன் எப்படிப் புகுந்தான் தெரியுமா? அந்த நிறுவனம் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வெளியே தெரிந்து ஓராண்டாகியும் அடைக்கப்படவில்லை. அதுமட்டுமா? இணையத்திலிருந்து எட்டக்கூடிய சில பகுதிகளில், பொருளை விற்றவர் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லே மாற்றப்படாமல் இருந்தது. பெயர் ‘அட்மின்’ என்றால் கடவுச்சொல்லும் ‘அட்மின்’. பெயர் ‘கெஸ்ட்’ என்றால் கடவுச்சொல்லும் ‘கெஸ்ட்’! பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்டதற்கு ஒப்பாகும் இது.

பல்லாயிரம் கோடி செலவில் உருவான ஒரு விமானத்தின் தகவலுக்கு, ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்ட ஒரு சிறிய நிறுவனத்தின் பூட்டே பூட்டாக அமைந்துவிட்டது. பெரிய நிறுவனத்தின் வாசலில் எத்தனை காவலர் நின்று என்ன பயன்?

அளவைக் கழகம் எழுதிய விதிகள்

அமெரிக்காவில் கிலோகிராம், மீட்டர் போன்ற அளவைகளைப் பேணுவதற்காக 1901-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் ஒன்று உண்டு. அதன் இன்றைய பெயர் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம். கட்டுப்படுத்தப்பட்ட தகவலைத் தனியார் நிறுவனங்கள் எவ்வாறு காக்க வேண்டும் என்று 2015-இல் இக்கழகம் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பின்னர் திருத்தப்பட்டபோது அதில் 110 விதிகள் அமைந்தன. அவை 14 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 2017 டிசம்பர் 31-க்குள் இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்தங்களில் எழுதியது. 2024-இல் இத்தொகுப்பின் மூன்றாம் திருத்தம் வந்தது. ஆயினும் பாதுகாப்புத் துறை தன் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது இரண்டாம் திருத்தத்தின் 110 விதிகளைத்தான்.

எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. ஐந்தை மட்டும் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பதைக் கவனியுங்கள்.

முதலாவது: ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே அனுமதி. விடுதியில் மாணவனிடம் அவன் அறைச் சாவி மட்டும் இருக்கும். எல்லா அறைச் சாவிகளும் காப்பாளரிடம் இருக்கும். மாணவனின் சாவி தொலைந்தால் ஓர் அறைக்கு ஆபத்து. காப்பாளரின் சாவிக்கொத்தே எல்லோர் கையிலும் இருந்தால்? யார் சாவி தொலைந்தாலும் முழு விடுதிக்கும் ஆபத்து. கணிப்பொறியிலும் கணக்கு எழுதுபவருக்கு வரைபடம் திறக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது: ஒருவர் இன்னார் என்பதற்கு இரண்டு வகைச் சான்று. வங்கியின் தானியங்கிப் பணப் பெட்டியில் அட்டையும் வேண்டும், இரகசிய எண்ணும் வேண்டும் அல்லவா? அட்டை நம்மிடம் இருக்கும் பொருள். எண் நாம் அறிந்த செய்தி. விரல்ரேகை போல நம் உடலோடு வந்த அடையாளம் மூன்றாவது வகை. இவற்றுள் இரண்டு வேறு வகைகள் வேண்டும் என்கிறது விதி. இரண்டு கடவுச்சொற்கள் கேட்டால் போதாதா? போதாது. இரண்டும் ஒரே வகை. ஒன்றை ஏமாற்றி வாங்குபவன் மற்றதையும் அதே வழியில் வாங்கிவிடுவான்.

மூன்றாவது: கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்கக் கூடாது. கணிப்பொறி அதை ஒரு கணக்கினுள் செலுத்தி, வரும் விடையை மட்டும் சேமித்து வைக்கலாம். இது ஒருவழிக் கணக்கு. அரிசியை அரைத்து மாவாக்கலாம். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் மறுமுறை கடவுச்சொல்லைத் தரும்போது கணிப்பொறி அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. பட்டியலைத் திருடியவனுக்குக் கிடைப்பது மாவு மட்டுமே. ஆனால் உங்கள் கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், அவன் தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். அதனால்தான் நீளமான கடவுச்சொல் வேண்டும் என்கிறோம்.

நான்காவது: ஓட்டை தெரிந்தவுடன் அடைக்க வேண்டும். மென்பொருளைச் செய்தவர், ‘இதில் இன்ன குறை இருந்தது, இதோ திருத்தம்’ என்று அறிவிக்கிறார். அந்த அறிவிப்பைத் திருடனும் படிக்கிறான்! ஆகவே அறிவிப்பு வந்த நாள் முதல் இருவருக்கும் இடையே ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலிய நிறுவனம் அந்தப் பந்தயத்தில் ஓராண்டு ஓடாமலே நின்றது.

ஐந்தாவது: யார், எப்போது நுழைந்தார், எதைத் திறந்தார் என்று கணிப்பொறி பதிவேடு எழுத வேண்டும். நகல் எடுக்கும் திருட்டில் பொருள் குறைவதில்லை என்று கண்டோம். அத்தகைய திருட்டுக்குப் பதிவேடு ஒன்றே சாட்சி.

இவற்றோடு ஒப்பந்தம் வேறு சில கடமைகளையும் விதிக்கிறது. ஊடுருவல் நடந்ததாகத் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் பாதுகாப்புத் துறைக்கு அறிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட கணிப்பொறியின் முழு நகலையும் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அழுக்கான இடத்தைக் கண்டால் உடனே கழுவத்தானே தோன்றும்? ஆனால் கழுவினால் கால்தடமும் போய்விடுமே! மேலும், கட்டுப்படுத்தப்பட்ட தகவலைத் துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தால் இதே நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர் தமக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுத்தாலும் அப்படியே. தகவல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் விதியும் கூடவே போகிறது.

குறையும் மதிப்பெண்

ஒரு நிறுவனம் எத்தனை விதிகளைப் பின்பற்றுகிறது என்பதை மதிப்பெண்ணால் அளக்கிறார்கள். இந்தக் கணக்கு சற்று விந்தையானது. பள்ளித் தேர்வில் நாம் பூஜ்யத்தில் தொடங்கி ஏறுகிறோம். இங்கே 110-இல் தொடங்கி இறங்குகிறார்கள். பின்பற்றாத ஒவ்வொரு விதிக்கும் 5, 3 அல்லது 1 குறைக்கப்படும்.

ஏன் எல்லா விதிக்கும் ஒன்றொன்றாகக் குறைக்கவில்லை? பார்வையாளருடன் எப்போதும் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது ஒரு விதி. அது தவறினால் 1 குறையும். கடவுச்சொல்லைக் காப்பின்றி எழுதி வைத்தால் 5 குறையும். ஒரு வீட்டில் சன்னல் கொக்கி தளர்ந்திருப்பதும் வாசற்கதவே இல்லாமலிருப்பதும் ஒன்றாகுமா?

110 விதிகளில் 42 விதிகளுக்கு 5 மதிப்பெண். 14 விதிகளுக்கு 3. 51 விதிகளுக்கு 1. இரண்டு விதிகள் நிலைமைக்கு ஏற்ப 5 அல்லது 3 குறைக்கும். எஞ்சிய ஒரு விதிக்கு மதிப்பெண்ணே இல்லை. அது என்ன? ‘எங்கள் கணிப்பொறிகள் இவை, இவற்றை இவ்வாறு காக்கிறோம்’ என்று எழுதப்பட்ட திட்டம். அது இல்லாவிட்டால் மதிப்பீடே தொடங்காது. வரைபடம் இல்லாத வீட்டில் எத்தனை கதவு என்று யாருக்குத் தெரியும்?

எதையுமே பின்பற்றாத நிறுவனத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 42 × 5 = 210. 14 × 3 = 42. 51 × 1 = 51. இரண்டு விதிகளுக்கு ஐந்தைந்தாக 10. கூட்டினால் 313. 110-லிருந்து 313 போக, −203. மிகக் குறைந்த மதிப்பெண் இதுவே.

தன் விடைத்தாளைத் தானே திருத்தினால்

2020 நவம்பர் இறுதியில் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் கோரும் நிறுவனங்கள் தம் மதிப்பெண்ணைத் தாமே கணக்கிட்டு அரசின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது அது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதுகாப்புத் துறைக்காக வேலை செய்கின்றன. ஒவ்வொன்றையும் அரசு அதிகாரிகளே போய்ச் சோதிப்பது எளிதா? ஆகவே நிறுவனங்களின் சொல்லை அரசு நம்பியது.

நம்பிக்கை எவ்விடத்தில் தவறியது என்பதற்கு மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மோர்ஸ்கார்ப் என்னும் நிறுவனத்தின் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 ஜனவரியில் அது தன் மதிப்பெண் 104 என்று பதிவு செய்தது. 2022 ஜூலையில், அது தானே அமர்த்திய வெளி ஆலோசகர் ஆராய்ந்து, உண்மையான மதிப்பெண் −142 என்றார். இரண்டுக்கும் இடைவெளி 246! அதன் பிறகாவது நிறுவனம் பதிவேட்டைத் திருத்தியதா? 2023 ஜூன் வரை திருத்தவில்லை. இறுதியில் 2025 மார்ச்சில், 46 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கின் மையம் திருட்டுப்போன வரைபடம் அன்று, பொய்யான மதிப்பெண்ணே. ‘எங்களிடம் பூட்டு இருக்கிறது’ என்று சொல்லி அரசிடம் பணம் பெறுவதும், பூட்டு இல்லாமலிருப்பதும் சேர்ந்தால் அது மோசடியாகும்.

இதற்குப் பயன்பட்ட சட்டம் பழமையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சில வணிகர்கள் இராணுவத்துக்குக் குறைபாடுள்ள பொருள்களை விற்றார்கள். அவர்களைத் தண்டிக்க 1863-இல், ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, ஒரு சட்டம் இயற்றினார்கள். பொய்க் கணக்குக் காட்டி அரசிடம் பணம் வாங்கியவரிடமிருந்து இழப்பைப்போல் மும்மடங்கு வரை வாங்க இன்று இச்சட்டம் இடம் தருகிறது. உண்மையை அறிந்த தனிமனிதர் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம். மீட்கப்படும் தொகையில் அவருக்கும் பங்கு உண்டு. கெட்ட சரக்குக்கு எதிராக எழுதிய சட்டம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கெட்ட கடவுச்சொல்லுக்கும் பொருந்தியது!

வெளித் தேர்வாளர் வருகிறார்

நீங்கள் பொதுத்தேர்வு எழுதினால் உங்கள் விடைத்தாளைத் திருத்துபவர் உங்களை அறியாத ஒருவர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அந்த முறைக்கு வந்து சேர்ந்தது. இதற்கான விதி 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் 10 முதல் புதிய ஒப்பந்தங்களில் நான்கு கட்டங்களாக இடம்பெறத் தொடங்கியது.

இதில் மூன்று படிகள் உண்டு. முதற்படி, சாதாரண ஒப்பந்தத் தகவல் மட்டுமே வைத்திருப்பவர்க்கு: 15 அடிப்படை விதிகள், ஆண்டுதோறும் தாமே சோதித்துக்கொள்ளலாம். இரண்டாம் படி, கட்டுப்படுத்தப்பட்ட தகவல் வைத்திருப்பவர்க்கு: 110 விதிகளும் உண்டு. இப்படியில் சில ஒப்பந்தங்களுக்குத் தன்மதிப்பீடு போதும். மற்றவற்றுக்கு, அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து சோதிக்க வேண்டும். மூன்றாம் படி, மிக முக்கியமான வேலைகளுக்கு: மேலும் 24 விதிகள், சோதிப்பவர்கள் அரசு அதிகாரிகளே. இவை தவிர, நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் ‘விதிகளைத் தொடர்ந்து பின்பற்றுகிறோம்’ என்று ஆண்டுதோறும் உறுதி கூற வேண்டும். இனி ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் ஒதுங்க முடியாது.

இரண்டாம் படியில் சிறு சலுகை ஒன்றும் உண்டு. 110-க்கு 88, அதாவது 80 விழுக்காடு பெற்றால் தற்காலிகச் சான்று கிடைக்கலாம். எஞ்சிய குறைகளை 180 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் 5 மதிப்பெண் விதிகளைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

சிறு பட்டறையின் சிரமம்

ஐம்பது பேர் கொண்ட பட்டறைக்கு இதெல்லாம் பெருஞ்செலவு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய நிறுவனம் இதற்கென்று தனித் துறையே வைத்துக்கொள்ளும். சிறு நிறுவனமோ செலவைத் தாங்காமல் அரசு வேலையே வேண்டாம் என்று விலகலாம். அப்படிப் பலர் விலகினால் நல்ல கைத்திறன் உள்ளவர்களை அரசு இழந்துவிடும்.

இதற்குப் பொறியியலார் காட்டும் ஒரு வழி, காக்க வேண்டிய பரப்பைச் சுருக்குவது. வீடெங்கும் நெல்லைக் கொட்டி வைத்தால் எல்லா அறைக்கும் பூட்டு வேண்டும். ஒரே குதிரில் சேர்த்து வைத்தால் ஒரு பூட்டு போதும். அதுபோலக் கட்டுப்படுத்தப்பட்ட வரைபடங்களை நான்கைந்து கணிப்பொறிகளில் மட்டும் வைத்து, அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டால், 110 விதிகளும் முக்கியமாக அந்தச் சிறு பகுதிக்குப் பொருந்தினால் போதும். செலவு குறையும், காவலும் எளிதாகும்.

பூட்டுக்கு விலை உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விலையைக் கொடுக்காதவர் கொடுத்ததாக எழுதும்போது, அதற்குரிய இழப்பு அவரோடு நிற்பதில்லை. அந்த விமானத்தில் ஏறும் விமானிக்கு, தன் விமானத்தின் வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு பட்டறையில் கீழ்க்கண்ட குறைகள் காணப்பட்டன:

1. இரண்டு வகைச் சான்று கேட்கும் முறை அறவே இல்லை (5).
2. கடவுச்சொற்கள் காப்பின்றி எழுதி வைக்கப்பட்டுள்ளன (5).
3. வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் அனுமதி என்ற முறை இல்லை (3).
4. ஒரு மதிப்பெண் விதிகள் நான்கு பின்பற்றப்படவில்லை (4).

(அ) பட்டறையின் மதிப்பெண் என்ன?
(ஆ) அதற்குத் தற்காலிகச் சான்று கிடைக்குமா?

விடை: (அ) 110 − 17 = 93. (ஆ) 93 என்பது 88-ஐவிட அதிகம். ஆயினும் சான்று கிடைக்காது. முதல் இரண்டு குறைகளும் 5 மதிப்பெண் குறைகள். மூன்றாவது 3 மதிப்பெண் குறை. இவை தள்ளிவைக்கத் தக்கவை அல்ல. 103 விதிகளைச் சரியாகப் பின்பற்றிய பட்டறைதான் அது. ஆனால் திருடன் அந்த 103 கதவுகளைத் தேடி வருவதில்லை; மற்ற ஏழைத் தேடித்தான் வருகிறான்.